இரண்டு வலைப்பக்கங்கள் எந்த அளவுக்கு ஒத்துத் தோன்றுகின்றன: மனிதப் பார்வையைக் கொண்டு அளக்கும் வழி

கூகுள், பிங், யாகூ ஆகிய மூன்று தளங்களின் முகப்புப் பக்கங்களை அருகருகே வைத்து, இவற்றுள் எந்த இரண்டு ஒன்றுபோல் இருக்கின்றன என்று பலரிடம் கேட்டால் ஒரே விடை வராது. தேடல் பெட்டிதான் பக்கத்தின் மையம் என்று கருதுபவர் கூகுளையும் பிங்கையும் சேர்ப்பார். திரை வெறுமையாக இருக்கிறதா, படங்களால் நிறைந்திருக்கிறதா என்று பார்ப்பவரோ, முழுத்திரை ஒளிப்படத்தைப் பின்னணியாகக் கொண்ட பிங்கையும் செய்திப் படங்கள் நிறைந்த யாகூவையும் ஒன்றாக வைத்துவிட்டு, வெள்ளைத் திரையோடு நிற்கும் கூகுளைத் தனியே நிறுத்துவார். இரண்டு விடைகளையும் தவறென்று தள்ள முடியாது. ஒருவரிடம் என்ன கேட்கப்பட்டது, அவர் எவ்வளவு நேரம் பார்த்தார், எதை எதனோடு ஒப்பிட்டார் என்பவை மாறினால் அவர் காணும் ஒப்புமையும் மாறுகிறது. ஆகவே அளக்கத் தொடங்கும் முன் இவற்றை நாமே உறுதிசெய்துகொள்ள வேண்டும். அப்படிச் செய்யாமல் திரட்டிய எண்களை எந்தப் புள்ளியியல் முறையாலும் பின்னர் சீராக்க இயலாது.

வலை வடிவமைப்பாளர்கள், மென்பொருளைச் சோதிப்பவர்கள், மனித-கணினி ஊடாட்டம் பயிலும் மாணவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது. இருபது பக்கங்களையும் முப்பது நாற்பது பங்கேற்பாளர்களையும் கொண்டு ஒரு கல்லூரி ஆய்வகத்திலோ சிறு நிறுவனத்திலோ செய்து முடிக்கக்கூடிய ஆய்வே இங்கு விவரிக்கப்படுகிறது.

எதற்காக அளக்கிறோம் என்பதை முதலில் எழுதி வைத்தல்

பக்கங்களின் தோற்ற ஒப்புமையை அளக்க விரும்புபவர்களின் தேவைகள் ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபடுகின்றன. வங்கிப் பக்கத்தைப் போலச் செய்து கடவுச்சொல்லைத் திருடும் ஃபிஷிங் பக்கங்களைத் தடுக்க முயல்பவருக்கு, அசலும் போலியும் அருகருகே எப்படித் தோன்றுகின்றன என்பது பெரிதாகப் பயன்படாது. ஏமாறுபவர் இரண்டையும் ஒருசேரப் பார்ப்பதே இல்லை. தன் நினைவில் உள்ள அசலோடு கண்முன் இருக்கும் போலியை ஒப்பிடுகிறார். ரச்னா தமீஜா, டக் டைகர், மார்ட்டி ஹேர்ஸ்ட் ஆகியோர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் 22 பங்கேற்பாளர்களிடம் தளங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, இது உண்மையானதா போலியா என்று கேட்டார்கள். மிக நேர்த்தியாகச் செய்யப்பட்டிருந்த போலிப் பக்கம் அவர்களில் 90 விழுக்காட்டினரை ஏமாற்றியது. அதன் முகவரியில் ஆங்கில ‘டபிள்யூ’ எழுத்துக்குப் பதிலாக இரண்டு ‘வி’ எழுத்துகள் அடுத்தடுத்து இடப்பட்டிருந்தன. அருகருகே வைத்துக் காட்டினால் பலர் எளிதில் கண்டுபிடிக்கக்கூடிய வேறுபாடு, தனியே பார்க்கும்போது மறைந்துவிடுகிறது.

ஒரு தளத்தின் தோற்றத்தை மாற்றியமைப்பவரின் கேள்வி வேறு. ஆங்கில விக்கிப்பீடியா, 2010 முதல் வழக்கிலிருந்த வெக்டர் தோற்றத்தை விட்டு, 2023 ஜனவரியில் வெக்டர் 2022 என்னும் புதிய தோற்றத்துக்கு மாறியது. வரியின் அகலம் குறைந்தது. கட்டுரைக்குள் இருந்த பொருளடக்கம் இடப்பக்கத்துக்கு நகர்ந்தது. இங்கே அளக்க வேண்டியது, பழைய பயனர் இந்தப் பக்கத்தைத் தான் பழகிய இடமாக உணர்கிறாரா என்பதாகும். நிறுவன அடையாளத்தைக் காப்பவருக்கோ, தம் தளத்தின் ஐம்பது பக்கங்களும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையாகத் தோன்றுகின்றனவா என்பதே கவலை. நான்காவதாக, வலையின் வரலாற்றை ஆராய்பவர்கள் இருக்கிறார்கள். சாம் கோரி முதலிய இந்தியானா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பழைய வலைப்பக்கங்களின் திரைப்பிடிப்புகளைக் கணினி வழியாக ஒப்பிட்டு, தளங்களுக்கிடையிலான பக்க அமைப்பு வேறுபாடு 2010-க்கும் 2016-க்கும் இடையே 30 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது என்று 2021-இல் வெளியிட்டார்கள். “இணையத் தளங்கள் எல்லாம் ஒன்றுபோல் ஆகிவிட்டன” என்று வடிவமைப்பாளர்கள் நெடுநாளாகக் குறைபட்டுக்கொண்டிருந்ததற்கு இப்படி ஓர் அளவு கிடைத்தது.

இந்த நான்கு நோக்கங்களில் எது நம்முடையது என்பதை ஒரே வாக்கியமாக எழுதிவைத்து, அந்த வாக்கியத்திலிருந்தே பங்கேற்பாளரிடம் கேட்கும் கேள்வியை உருவாக்க வேண்டும். போலிப் பக்கத்துக்கு “சற்றுமுன் பார்த்த பக்கம்தானா இது?” என்றும், நிறுவன அடையாளத்துக்கு “இவ்விரண்டும் ஒரே நிறுவனத்தின் பக்கங்களாகத் தோன்றுகின்றனவா?” என்றும், பொதுவான தோற்ற ஒப்புமைக்கு “உள்ளடக்கத்தைக் கருதாமல், இவ்விரண்டும் பார்வைக்கு எந்த அளவுக்கு ஒத்திருக்கின்றன?” என்றும் கேட்கலாம். இவற்றில் ஒன்றுக்குக் கிடைத்த விடையை மற்றொன்றுக்குப் பயன்படுத்தக் கூடாது.

சொற்களின் வரிசையும் முடிவை மாற்றும். உளவியலாளர் ஆமோஸ் ட்வெர்ஸ்கி 1977-இல் வெளியிட்ட கட்டுரையில், நாம் ஒப்புமையைத் தூரம்போல இருபுறமும் சமமாக உணர்வதில்லை என்று காட்டினார். “வடகொரியா சீனாவைப் போன்றது” என்று சொல்ல ஒப்புக்கொள்பவர்கள், “சீனா வடகொரியாவைப் போன்றது” என்று சொல்லத் தயங்கினார்கள். அதிகம் அறியப்பட்டது அளவுகோலாகி, குறைவாக அறியப்பட்டது அதனோடு ஒப்பிடப்படுகிறது. புகழ்பெற்ற தளத்தையும் யாரும் அறியாத தளத்தையும் ஒப்பிடச் சொல்லும்போது இதே கோணல் நுழையும். ஆகவே “முதலாவது இரண்டாவதைப் போல இருக்கிறதா” என்று கேட்காமல் “இவ்விரண்டும் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றனவா” என்று கேட்பதும், இடம் வலம் என்னும் வரிசையைப் பங்கேற்பாளருக்குப் பங்கேற்பாளர் மாற்றிக் காட்டுவதும் நல்லது. அதே கட்டுரையில் இன்னொரு முடிவும் உண்டு. மேற்கு ஜெர்மனி-கிழக்கு ஜெர்மனி என்னும் இணையையும் இலங்கை-நேபாளம் என்னும் இணையையும் காட்டியபோது, எது அதிகம் ஒத்தது என்று கேட்கப்பட்ட குழுவினரில் பெரும்பான்மையோரும், எது அதிகம் வேறுபட்டது என்று கேட்கப்பட்ட குழுவினரில் பெரும்பான்மையோரும் ஜெர்மனி இணையையே தேர்ந்தெடுத்தார்கள். அதிகம் தெரிந்த இணையில் பொதுக்கூறுகளும் மிகுதி, வேறுபாடுகளும் மிகுதி. எனவே “எவ்வளவு வேறுபட்டுள்ளன” என்று கேட்டுப் பெற்ற எண்ணைத் தலைகீழாக்கி ஒப்புமை என்று எழுதுவது முறையன்று.

கண் எதை முதலில் பற்றுகிறது

பக்கத்தைப் பார்த்த மாத்திரத்தில் எவரும் எழுத்துகளைப் படிக்கத் தொடங்குவதில்லை. சிறிய எழுத்துகளை அடுக்கிப் பெரிய எழுத்தாக அமைத்த உருவங்களைக் கொண்டு டேவிட் நேவன் 1977-இல் செய்த சோதனைகள், முழு உருவம் பகுதிகளுக்கு முன்னதாகவே உணரப்படுகிறது என்று காட்டின. பகுதிகள் எப்படித் தொகுதிகளாகத் திரள்கின்றன என்பதற்கு மாக்ஸ் வெர்தைமர் 1923-இல் வகுத்த நெறிகள் இன்றும் பயன்படுகின்றன: நெருங்கி இருப்பவை ஒரு தொகுதியாகத் தெரிகின்றன, நிறத்தாலும் வடிவத்தாலும் ஒத்தவை ஒரு தொகுதியாகத் தெரிகின்றன. ஸ்டீபன் பாமர் 1992-இல் இதனோடு, ஒரே எல்லைக்குள் அடைக்கப்பட்டவை சேர்ந்து தோன்றும் என்னும் நெறியைச் சேர்த்தார். இன்றைய தளங்களில் ஒவ்வொரு செய்தியையும் வெளிறிய சாம்பல் பின்னணிமேல் தனித்தனிக் கட்டமாக வைக்கும் வழக்கம், இந்த மூன்றாவது நெறியின் வலிமையை நம்பியே நிற்கிறது. கட்டங்களின் ஓரக்கோட்டையும் பின்னணியையும் நீக்கிவிட்டு, உள்ளே இருப்பவற்றை அப்படியே அதே இடத்தில் விட்டாலும் பக்கம் வேறொன்றாகத் தோன்றும்.

எனவே ஒப்புமையை ஆராயும்போது எதை எதற்கு முன் கவனிக்க வேண்டும் என்பதில் எனக்கு ஓர் உறுதியான விருப்ப வரிசை உண்டு. பெரிய தொகுதிகளின் இடமும் அவற்றுக்கிடையே உள்ள வெற்றிடமும் முதலில் வருகின்றன. ஆதிக்கம் செலுத்தும் நிறமும், பெரிய படம் உண்டா இல்லையா என்பதும் அடுத்து. எழுத்தின் அடர்த்தி அதற்கும் அடுத்து. எழுத்துரு, பொத்தான்களின் மூலை வளைவு, ஐகான்களின் பாணி ஆகியவை கடைசியில்தான். வடிவமைப்பாளர்கள் கடைசி வரிசையைப் பற்றியே நாள்முழுவதும் விவாதிப்பார்கள் என்பதால், பங்கேற்பாளர்களில் வடிவமைப்பாளர்கள் எத்தனை பேர் என்பதைக் குறித்துவைத்து, அவர்களுடைய விடைகளைத் தனியே பகுத்துப் பார்ப்பது அவசியம்.

முதல் இரண்டு அடுக்குகளை மட்டும் சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. திரைப்பிடிப்பை ஏறத்தாழ நூறு பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி, மீண்டும் பழைய அளவுக்குப் பெரிதாக்கினால், எழுத்துகள் எல்லாம் கரைந்து நிறத்திட்டுகள் மட்டுமே எஞ்சும். முழுப் பக்கங்களைக் கொண்டு ஒரு குழுவிடமும், இப்படி மங்கலாக்கிய பக்கங்களைக் கொண்டு வேறொரு குழுவிடமும் அதே கேள்வியைக் கேட்டு, இரு குழுக்களின் மதிப்பெண்களை ஒப்பிட வேண்டும். பெரிதாக மாறாத இணைகளில் ஒப்புமையைத் தீர்மானிப்பது அமைப்பும் நிறமும். வெகுவாக மாறும் இணைகளில் லோகோவோ எழுத்தோ பொருளோ ஏதோ ஒன்று குறுக்கிடுகிறது.

எழுத்து முறையைப் பற்றித் தமிழ் வாசகர்களுக்குத் தனியே ஒரு சொல். தமிழ் விக்கிப்பீடியாவும் ஆங்கில விக்கிப்பீடியாவும் ஒரே மென்பொருளில் இயங்குவதால், இரண்டிலும் ஒரே தோற்றத்தைத் தேர்ந்தெடுத்து ஒரே பொருள் பற்றிய கட்டுரைகளைத் திறந்தால், அமைப்பு ஒன்றாகவும் எழுத்து வேறாகவும் உள்ள ஓர் இணை கிடைக்கும். தமிழில் சொற்கள் நீளமாக இருப்பதால் மெனுவில் ஒரு வரியில் அடங்கியது இரண்டு வரியாகும். பத்தியின் வலது ஓரம் கூடுதலாக ஏறி இறங்கும். அதைவிட முக்கியமான வேறுபாடு பார்ப்பவரிடம் இருக்கிறது. படிக்கத் தெரியாத எழுத்து அவருக்கு ஒரு நெசவுபோல மட்டும் தெரிகிறது. படிக்கத் தெரிந்த எழுத்தோ, படிக்காதே என்று சொன்னாலும் பொருளைக் கொண்டுவந்துவிடுகிறது. ஆகவே பங்கேற்பாளர் எந்தெந்த மொழிகளைப் படிப்பார் என்ற விவரமின்றிப் பன்மொழிப் பக்கங்களைக் கலந்து காட்டக் கூடாது.

பக்கங்களைத் தேர்ந்தெடுத்தலும் படம் பிடித்தலும்

இருபது பக்கங்கள் என்றால் 190 இணைகள். முப்பது என்றால் 435. நாற்பது என்றால் 780. பக்கங்களைக் கூட்டும்போது வேலை எவ்வளவு விரைவாகப் பெருகுகிறது என்பதை இந்த எண்களே காட்டும். முதல் ஆய்வுக்கு இருபதைத் தாண்டத் தேவையில்லை. ஆனால் அந்த இருபதுக்குள் எல்லா வகை ஒப்புமைகளும் இடம்பெற வேண்டும்: ஏறத்தாழ ஒன்றேயானவை, அமைப்பு ஒத்து நிறம் வேறுபட்டவை, நிறம் ஒத்து அமைப்பு வேறுபட்டவை, எதிலும் ஒத்துவராதவை. அமைப்பு ஒத்தவற்றைத் தேடி அலைய வேண்டியதில்லை. 2011-இல் ட்விட்டரிலிருந்து வெளிவந்த பூட்ஸ்ட்ராப் போன்ற வடிவமைப்புத் தொகுப்புகளை மாற்றமின்றிப் பயன்படுத்திய தளங்கள் ஏராளம்.

உண்மையான தளங்களை மட்டும் கொண்டு ஆராய்ந்தால், எந்தக் கூறு ஒப்புமையை உண்டாக்கியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. நிறம் மாறும் இடத்தில் படமும் மாறியிருக்கும், எழுத்துருவும் மாறியிருக்கும். அதனால் ஐந்தாறு பக்கங்களையாவது கணினியில் சேமித்து, பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் கோப்பைத் திருத்தி, ஒவ்வொரு முறையும் ஒரே ஓர் அம்சத்தை மட்டும் மாற்றிய வடிவங்களை உருவாக்க வேண்டும்: ஒன்றில் நிறம் மட்டும், ஒன்றில் பத்திகளின் எண்ணிக்கை மட்டும், ஒன்றில் தலைப்பட்டையின் உயரம் மட்டும். ஆய்வின் மிகப் பயனுள்ள விடைகள் பெரும்பாலும் இந்தத் திருத்திய பக்கங்களிலிருந்தே கிடைக்கும். மேலும், எல்லோரும் அறிந்த லோகோ ஒன்று தென்பட்டால் பங்கேற்பாளர் பக்கத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு நிறுவனத்தை நினைக்கத் தொடங்குவார். நிறுவன அடையாளமே ஆய்வுப்பொருளாக இல்லாத நிலையில், லோகோ இருந்த இடத்தில் அதே அளவும் நிறமும் கொண்ட வேறு சின்னத்தை வைத்துவிடலாம்.

படம் பிடிக்கும்போது சாளர அளவு எல்லாப் பக்கங்களுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். மேசைக் கணினிக்கு 1366×768, கைபேசிக்கு 360×800 என்பவை போன்ற பரவலான அளவுகளில் ஒன்றைத் தேர்ந்து அதையே பின்பற்றலாம். உலாவியைத் தானாக இயக்கும் பப்பட்டியர், பிளேரைட் போன்ற கருவிகள் இந்த வேலையைத் தானாகச் செய்துவிடும். ஆனாலும் ஒவ்வொரு படத்தையும் மனிதர் ஒருவர் திறந்து பார்த்தே ஆக வேண்டும். குக்கி ஒப்புதல் பெட்டி பாதிப் பக்கத்தை மறைத்திருக்கும். தாமதமாக ஏறும் படங்களின் இடம் வெறும் சாம்பல் கட்டமாக நிற்கும். எழுத்துரு ஏறுவதற்குள் படம் பிடிக்கப்பட்டிருக்கும். விளம்பரம் ஒன்று பக்கத்தின் நிறத்தையே மாற்றியிருக்கும். இரண்டு பக்கங்களில் ஒரே நிறுவனத்தின் விளம்பரம் தற்செயலாக வந்துவிட்டால், அவை ஒத்த பக்கங்கள் என்று பங்கேற்பாளர்கள் சொல்லிவிடக்கூடும்.

முழுப் பக்கத்தையும் ஒரே நீண்ட படமாகப் பிடித்துச் சுருக்கிக் காட்டும் பழக்கத்தைத் தவிர்ப்பது நல்லது. பத்தாயிரம் பிக்சல் உயரமுள்ள பக்கம் ஒரு நாடாவைப் போலாகிவிடும். பார்ப்பவர் நீளத்தை மட்டுமே ஒப்பிடுவார். முதல் திரையில் தெரிவதை மட்டும் காட்டுவது போதுமானது. கீழ்ப்பகுதியும் தேவை என்றால் உருட்டிப் பார்க்கும்படி வைக்க வேண்டும். கைபேசிப் பக்கங்களையும் மேசைக் கணினிப் பக்கங்களையும் ஒரே தொகுப்பில் கலக்கவே கூடாது. கைபேசியில் எல்லாம் ஒற்றைப் பத்தியாக அடுக்கப்படுவதால், எல்லாப் பக்கங்களும் ஒன்றையொன்று நெருங்கிவிடுகின்றன.

பழைய பக்கங்களை ஆராய்பவர்கள், வலைப்பக்கங்களின் பழைய வடிவங்களைச் சேமித்து வைத்திருக்கும் வேபேக் மெஷினை நாடுவார்கள். அங்கே சேமிக்கப்பட்ட பக்கங்கள் பலவற்றில் சிஎஸ்எஸ் கோப்போ படங்களோ இல்லாமல் போயிருக்கும். அப்போது வெள்ளைப் பின்னணியில் நீல இணைப்புகள் மட்டும் எஞ்சும். இப்படிச் சிதைந்த பக்கங்கள் அனைத்தும் ஒன்றுபோலவே தோன்றும் என்பதால், அவற்றை நீக்காவிட்டால், எந்த ஆண்டுப் பக்கங்கள் அதிகம் சிதைந்திருக்கின்றனவோ அந்த ஆண்டில் வலைத்தளங்கள் ஒத்திருந்தன என்னும் பொய்யான முடிவு கிடைக்கும்.

மதிப்பீடுகளைத் திரட்டுதல்

இரண்டு பக்கங்களைக் காட்டி ஒன்று முதல் ஏழு வரை மதிப்பெண் கேட்பது எல்லோரும் முதலில் எண்ணும் முறை. செய்வதற்கு எளிது, ஆனால் ஒருவரின் நான்கு இன்னொருவரின் ஆறாக இருக்கும். இம்முறையைத் தேர்ந்தெடுத்தால், மிக ஒத்த இணை ஒன்றையும் முற்றிலும் வேறுபட்ட இணை ஒன்றையும் பயிற்சியாக முதலிலேயே காட்டி அளவுகோலின் இரு முனைகளையும் புரியவைக்க வேண்டும். பிறகு ஒவ்வொருவரின் மதிப்பெண்களையும் அவரவர் சராசரியையும் விலக்கத்தையும் கொண்டு சமன்படுத்த வேண்டும்.

மூன்று பக்கங்களைக் காட்டி, இவற்றுள் சேராதது எது என்று கேட்கும் முறையை நான் அதிகம் விரும்புகிறேன். எண்ணாக மாற்றும் சுமை பங்கேற்பாளருக்கு இல்லை. கண் சொல்வதை அப்படியே சுட்டிக்காட்டினால் போதும். இருபது பக்கங்களுக்கு 1,140 மும்மைகள் உருவாகும். ஒருவருக்கு நூறு என்று பங்கிட்டால் ஏறத்தாழ பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு முழுச் சுற்றை முடித்துவிடலாம். நாற்பது பேர் இருந்தால் மூன்று சுற்றுகளுக்கு மேல் கிடைக்கும். ஒவ்வோர் இணையும் பதினெட்டு மும்மைகளில் இடம்பெறுவதால், மூன்று சுற்றுகளுக்குள் அதைப் பற்றி ஐம்பதுக்கு மேற்பட்ட தீர்ப்புகள் சேர்ந்துவிடும்.

பக்கங்களின் எண்ணிக்கை கூடும்போது வகைப்படுத்தும் முறை கைகொடுக்கும். பக்கங்களை அஞ்சலட்டை அளவில் வண்ணத்தில் அச்சிட்டு, மேசைமேல் பரப்பி, ஒத்தவற்றை ஒரே குவியலில் வையுங்கள் என்று சொல்ல வேண்டும். குவியல்கள் எத்தனை என்பதை அவரே முடிவுசெய்யட்டும். இரண்டு பக்கங்களை எத்தனை பேர் ஒரே குவியலில் வைத்தார்கள் என்பதே அவற்றின் ஒப்புமை எண். கணினியில் அதிகம் பழகாதவர்களும் தயக்கமின்றிப் பங்கேற்கிறார்கள் என்பது இதன் கூடுதல் நன்மை. குவியலுக்குப் பதிலாக, ஒத்தவை அருகிலும் ஒவ்வாதவை தொலைவிலும் இருக்குமாறு திரையில் இழுத்து வைக்கச் சொல்லும் முறையை ராபர்ட் கோல்ட்ஸ்டோன் 1994-இல் விவரித்தார். நேரம் மிகக் குறைவாக இருப்பவர்கள் அதை முயலலாம்.

எப்படிக் காட்டுகிறோம் என்பதும் எதைக் கேட்கிறோம் என்பதற்கு ஈடான எடை உடையது. இரண்டு படங்களை ஒரே இடத்தில் இடைவெளியின்றி மாற்றி மாற்றிக் காட்டினால், வேறுபடும் இடம் அசைவதுபோலத் தோன்றி உடனே கண்ணில் படும். இடையே ஒரு கணம் வெற்றுத் திரையை நுழைத்தால், பெரிய மாற்றங்கள்கூடத் தெரியாமல் போகும் என்பதை ரொனால்ட் ரென்சிங்க் முதலியோர் 1997-இல் காட்டினார்கள். உண்மையான பயனர் ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது இப்படிப்பட்ட இடைவெளி இயல்பாகவே ஏற்படுகிறது. எனவே போலிப் பக்கங்களை ஆராய்பவர்கள் ஒன்றன்பின் ஒன்றாக, இடைவெளியுடன், முடிந்தால் அசலைக் காட்டிப் பல மணி நேரம் கழித்துப் போலியைக் காட்ட வேண்டும். நிறுவன அடையாளத்தை ஆராய்பவர்களுக்கு அருகருகே காட்டுவதே பொருத்தம்.

நேரத்தையும் கட்டுப்படுத்தலாம். கித்தே லிண்ட்கார்ட் முதலியோர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், 50 மில்லிநொடி மட்டுமே காட்டப்பட்ட பக்கங்களின் கவர்ச்சிக்குக் கிடைத்த மதிப்பெண்கள், அரை நொடி காட்டியபோது கிடைத்தவற்றோடு நெருங்கி ஒத்திருந்தன. அது கவர்ச்சியைப் பற்றிய ஆய்வே தவிர, ஒப்புமையைப் பற்றியது அன்று. ஆயினும் முதல் பார்வையிலேயே பக்கத்தின் மொத்தத் தோற்றத்தைப் பற்றிய நிலையான கருத்து உருவாகிவிடுகிறது என்பதை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் சாதாரணத் திரையில் 50 மில்லிநொடி என்பது மூன்றே படச்சட்டங்கள். பங்கேற்பாளரின் வீட்டுக் கணினியில், உலாவிக்குள், அதைத் துல்லியமாகக் காட்ட முடியும் என்று நம்ப வேண்டாம். இணையவழி ஆய்வுக்கு ஒரு நொடி போதும்.

மதிப்பீடுகளில் பத்தில் ஒரு பங்கை இடம் வலம் மாற்றி மீண்டும் கேட்பதும், முற்றிலும் ஒன்றேயான இரண்டு படங்களை இடையிடையே வைப்பதும், கவனமின்றிச் சொடுக்கிக்கொண்டு போகிறவர்களைக் கண்டறிய உதவும். இரவு நேர மஞ்சள் திரை வசதியை அணைக்கச் சொல்ல வேண்டும். சிவப்பு-பச்சை நிறங்களைப் பிரித்தறிவதில் சிரமம் உள்ள ஆண்கள் எந்தக் கூட்டத்திலும் ஒருசிலர் இருக்கக்கூடும் என்பதால், இஷிஹாரா அட்டைகளால் சுருக்கமான சோதனை ஒன்று வைத்துக்கொள்ளலாம். அவர்களை விலக்க வேண்டியதில்லை, அவர்களும் பயனர்களே. தனியே குறித்துக்கொண்டால் போதும்.

எண்களைப் படித்தலும் கணினியோடு ஒப்பிடுதலும்

முதலில் பார்க்க வேண்டியது பங்கேற்பாளர்கள் தங்களுக்குள் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்பது. அவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டு பாதியாகப் பிரித்து, இரு பாதியினரின் சராசரி மதிப்பெண்களுக்கு இடையே ஒட்டுறவுக் கெழுவைக் கணக்கிட வேண்டும் (1 என்றால் முழுமையாக ஒத்துப்போகின்றன, 0 என்றால் தொடர்பே இல்லை). இதைப் பலமுறை திரும்பச் செய்து சராசரி எடுக்க வேண்டும். ஒரு கணினி அளவை மனிதர்களோடு எந்த அளவுக்கு ஒத்துப்போகக்கூடும் என்பதற்கான நடைமுறை உச்சவரம்பை இந்த எண் காட்டும். மனிதர்களே தங்களுக்குள் 0.7 அளவுக்குத்தான் ஒத்துப்போகிறார்கள் என்றால், 0.65 பெற்ற அளவையைக் குறைசொல்லக் காரணமில்லை.

அடுத்து, பல்பரிமாண அளவிடல் என்னும் முறையால் பக்கங்களை ஒரு வரைபடத்தில் புள்ளிகளாக அமைக்கலாம். ஒத்தவை நெருங்கியும் ஒவ்வாதவை விலகியும் நிற்கும்; வரைபடம் தரவுகளிலிருந்து எவ்வளவு பிறழ்கிறது என்பதை ஜோசப் கிரஸ்கல் 1964-இல் வகுத்த ‘ஸ்ட்ரெஸ்’ என்னும் எண் சொல்லும். வரைபடத்தைப் பார்த்த உடனே, இந்த அச்சு நிறம், அந்த அச்சு அடர்த்தி என்று பெயர் சூட்டத் தோன்றும். அப்படிச் சூட்டும் முன், பக்கங்களின் சராசரி ஒளிர்வையும் எழுத்து நிறைந்த பரப்பின் பங்கையும் தனியே அளந்து, அவை உண்மையிலேயே அந்த அச்சின் வரிசையில் ஏறுகின்றனவா என்று சரிபார்க்க வேண்டும்.

கணினி அளவைகளுள் பிக்சலுக்குப் பிக்சல் கழித்துப் பார்ப்பது மிகப் பலவீனமானது. மேலே ஒரு அறிவிப்புப் பட்டை வந்து பக்கம் முழுவதும் நாற்பது பிக்சல் கீழிறங்கினால், மனிதருக்கு அது அதே பக்கம். இந்த அளவைக்கோ பெரிதும் மாறிவிட்ட பக்கம். 2004-இல் வெளிவந்த எஸ்எஸ்ஐஎம் என்னும் அளவை, ஒரே படத்தின் தரம் எவ்வளவு குறைந்தது என்பதை அளக்கப் பிறந்தது. இடப்பெயர்ச்சி அதையும் குழப்பும். நிறத்தையும் அது அமைந்த இடத்தையும் சேர்த்து, ஒன்றை மற்றொன்றாக மாற்ற எவ்வளவு நகர்த்த வேண்டும் என்று கணக்கிடும் எர்த் மூவர்ஸ் தொலைவு, ஃபிஷிங் பக்கங்களைக் கண்டறிய 2006-இலேயே பயன்படுத்தப்பட்டது. நிறமும் பெரும் அமைப்பும் முதன்மையாக உள்ள இணைகளில் இது மனிதத் தீர்ப்போடு இயல்பாகப் பொருந்தும். நிறவேறுபாட்டை எந்த அளவையில் கணக்கிட்டாலும், சிவப்பு-பச்சை-நீல எண்களை நேரடியாகக் கழிக்காமல், கண்ணின் உணர்வுக்கு ஏற்ப 1976-இல் வகுக்கப்பட்ட சிஐஇ-லேப் நிறவெளிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

பக்கத்தின் உள்ளடக்கத்தை அடுக்கித் தரும் ஹெச்டிஎம்எல் நிரலின் மரவடிவத்தை ஒப்பிட்டுத் தோற்ற ஒப்புமையை ஊகிப்பவர்களும் உண்டு. 2003-இல் டேவ் ஷே தொடங்கிய சிஎஸ்எஸ் ஜென் கார்டன் தளத்தைப் பார்த்தால் அதன் எல்லை விளங்கும். அங்கே ஹெச்டிஎம்எல் ஒன்றேதான். சிஎஸ்எஸ் கோப்பு மட்டும் மாறுகிறது. தோற்றங்களோ ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாதவை. இதற்கு மாறாக, முழுப் பக்கத்தையும் ஒரே படமாக ஒட்டிவைத்த போலிப் பக்கம் நிரலில் அசலோடு எங்கும் ஒத்துவராமல், கண்ணுக்கு அசலாகவே தோன்றும்.

மனித மதிப்பெண்ணையும் கணினி மதிப்பெண்ணையும் மதிப்புகளை விட்டு அவற்றின் தரவரிசையை மட்டும் ஒப்பிடும் ஸ்பியர்மனின் தர ஒட்டுறவால் ஒப்பிடலாம். ஆனால் ஒரே பக்கம் 19 இணைகளில் வருவதால் 190 எண்களும் ஒன்றையொன்று சாராதவை அல்ல. முடிவு தற்செயலாக வந்ததா என்று பார்க்கும் சாதாரணப் பொருண்மைச் சோதனை இங்கே மிகையான நம்பிக்கையைத் தரும். பக்கங்களின் வரிசையைக் குலுக்கிக் குலுக்கிக் கணக்கிடும் மாண்டெல் சோதனை இதற்கென்றே உள்ளது.

சராசரிகளைக் கணக்கிட்டு முடித்ததும், பங்கேற்பாளர்கள் மிகவும் பிளவுபட்ட இணைகளைத் தனியே எடுத்துத் திரையில் திறந்து பார்க்க வேண்டும். பாதிப் பேர் ஒத்தவை என்றும் பாதிப் பேர் ஒவ்வாதவை என்றும் சொன்ன இணைக்கு நடு மதிப்பெண் கிடைத்திருக்கும். எல்லோரும் ஓரளவு ஒத்தவை என்று சொன்ன இணைக்கும் அதே மதிப்பெண்தான். முன்னதில் சிலரை மீண்டும் அழைத்து, எதைப் பார்த்து முடிவு செய்தீர்கள் என்று கேட்டு அவர்கள் சொற்களிலேயே எழுதிக்கொண்டால், அமைப்பைப் பார்ப்பவர்களும் நிறத்தைப் பார்ப்பவர்களும் பிரியும் இடம் தெரியும்.

எந்த மதிப்பெண்ணுக்கு மேல் ‘ஒத்தவை’ என்று அறிவிப்பது என்னும் வரம்பைத் தரவு தானாகச் சொல்லாது. தொடக்கத்தில் எழுதிவைத்த நோக்க வாக்கியத்தைக் கொண்டே அதை முடிவுசெய்ய வேண்டும். போலியைத் தப்பவிடுவதால் வரும் இழப்பு, நல்ல பக்கத்தை ஐயப்படுவதால் வரும் இழப்பைவிடப் பெரிது என்பதால், ஃபிஷிங் ஆய்வில் வரம்பைத் தாழ்த்தி வைக்கலாம். தோற்றத்தை மாற்றியமைக்கும் நிறுவனமோ, பழைய பயனர்களில் மிகச் சிலர் மட்டுமே தடுமாறும் அளவுக்கு வரம்பை உயர்த்திக்கொள்ள வேண்டியிருக்கும். இரண்டிலும், வரம்பை உறுதிசெய்யப் பயன்படுத்திய இணைகளை விலக்கிவிட்டு, அதுவரை எவருக்கும் காட்டாத புதிய இணைகளில் அதைச் சோதித்த பிறகே நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும்.